மேற்படியாரின் திருத்த அட்டவணை

சனிக்கிழமை மத்தியானம் என்றால் அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து சிரிக்கிற நேரம். வாரத்தின் மற்ற நாட்களில் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதே அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கும் குறுகலான வழியில்தான். அவர் ஒரு மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளர். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அவளுக்கு வேலை வீட்டிலேயே, படுக்கையறை மூலையில் போட்டிருக்கும் மேஜையில்.

இணையவழியில் முதுகலை படிக்கிறவர்களுக்கு ஆய்வேடு எழுதக் கற்றுக்கொடுக்கிற ஆசிரியை அவள். எதைப் பற்றி எழுதுவது என்று சொல்லித்தர வேறு பேராசிரியர்கள் இருந்தார்கள். எப்படி எழுதுவது என்பது மட்டும் அவள் பாடு. தலைப்பு எந்த அளவில் இருக்க வேண்டும், பக்கத்தில் ஓரம் எவ்வளவு விட வேண்டும், அடுத்தவர் சொன்னதை எடுத்துப் போட்டால் அவர் பெயரையும் ஆண்டையும் எங்கே குறிக்க வேண்டும், நூற்பட்டியலை எப்படி அடுக்க வேண்டும். "நான் துணி நெய்யுறவ இல்ல, தைக்கிறவ. துணி உங்களோடது" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவாள்.

மாணவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், குடும்பம் குட்டி உள்ளவர்கள். யாரும் கேமராவைத் திறக்க மாட்டார்கள். திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள்தான். முகம் தெரியாததால் அவர்கள் எழுத்தைப் பார்த்தே அவள் பெயர் சூட்டியிருந்தாள். ஒரு பக்கம் முழுவதையும் முற்றுப்புள்ளி இல்லாமல் எழுதுகிற நர்ஸுக்கு 'மூச்சுவிடாதவள்'. எல்லாப் பத்தியையும் 'ஆகவே' என்று தொடங்குகிற வங்கிக் கணக்கருக்கு 'ஆகவே அண்ணன்'. அப்புறம் மேற்படியார்.

மேற்படியார் பத்திரம் எழுதுகிறவர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, வீடு விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஐம்பதைத் தாண்டியவர், திடீரென்று முதுகலையில் வந்து சேர்ந்திருந்தார். சொத்தைப் பிரிக்கும்போது கூடப்பிறந்த பெண்கள் ஏன் தங்கள் பங்கு வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. நல்ல விஷயம்தான். ஆனால் அவர் எழுதியிருப்பதைப் படித்தால், முத்திரைத்தாளில் ஏற்றி அப்படியே கொண்டுபோய்ப் பதிவு செய்துவிடலாம் போல இருக்கும். 'மேற்படி சகோதரியானவர் மேற்படி சொத்தில் தமக்குள்ள மேற்படி உரிமையை யாருடைய தூண்டுதலும் இன்றி மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்து...' என்று போய்க்கொண்டே இருக்கும்.

அவருடைய அத்தியாயம் வந்துவிட்டால் அந்தச் சனிக்கிழமை களைகட்டிவிடும். அவள் திருத்திக்கொண்டிருப்பாள். கணவர் கட்டிலில் சாய்ந்து, மேற்படியாரின் பத்திகளைச் செய்தி வாசிப்பவர் மாதிரி கட்டைக் குரலில் வாசித்துக் காட்டுவார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கல்யாணமாகிப் பல வருஷங்கள் ஆன பிறகு ஒரு தம்பதிக்குச் சேர்ந்து சிரிக்க ஏதாவது ஒன்று கிடைப்பது சாதாரண விஷயமில்லை. யாருடைய செலவில் சிரிக்கிறோம் என்று அவர்கள் யோசித்ததில்லை. முகம் தெரியாதவர்தானே.

திருத்தங்களை அவள் எழுதுவதைவிடப் பேசித்தான் அனுப்புவாள். பத்திக்குப் பக்கத்தில் ஓரத்தில் ஒலிவாங்கிப் படம் இருக்கும். அதை அழுத்திவிட்டுப் பேச வேண்டும், மறுபடி அழுத்தி நிறுத்த வேண்டும். குரல் குறிப்பு என்று அதற்குப் பெயர். எழுத்தில் வரும் திருத்தம் அதட்டுவது போல இருக்கிறது, உங்கள் குரலில் கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவது போல இருக்கிறது என்று மாணவர்களே சொல்லியிருந்தார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

அந்தச் சனிக்கிழமையும் மேற்படியாரின் முதல் அத்தியாயத்துக்குக் குறிப்புகள் பேசினாள். நடுவில் கணவர் டீ கொண்டுவந்தார், வாசித்துக் காட்டினார், சிரித்தார்கள். மூச்சுவிடாதவளின் அத்தியாயம் காத்துக்கொண்டிருந்ததால், வழக்கமாக ஒருமுறை கேட்டுப் பார்ப்பவள் அன்று கேட்காமலே மேற்படியாருக்கு அனுப்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, துணிகளை இயந்திரத்தில் போட்டுவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தபோது மேற்படியாரிடமிருந்து திருத்த அட்டவணை வந்திருந்தது.

இந்தத் திருத்த அட்டவணை அவளே கட்டாயமாக்கிய ஏற்பாடு. இடது பக்கம் ஆசிரியர் சொன்ன கருத்து, வலது பக்கம் அதற்கு மாணவர் என்ன செய்தார் என்பது. பிடித்த கருத்து, பிடிக்காத கருத்து, புரியாத கருத்து, எதையும் விடக் கூடாது. ஏற்றுக்கொண்டால் என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள், ஏற்றுக்கொள்ளாவிட்டால் ஏன் என்று எழுதுங்கள் என்பாள். குரல் குறிப்பாக இருந்தால் கேட்டது கேட்டபடி இடது பக்கத்தில் எழுத வேண்டும். அத்தியாயத்தோடு சேர்ந்து இந்த அட்டவணை துறை ஒருங்கிணைப்பாளருக்குப் போகும். அந்த அம்மாள்தான் ஒவ்வொரு பருவ முடிவிலும் இவளை அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறவர்.

மேற்படியாரின் அட்டவணை கோடு பிசகாமல் அழகாக இருந்தது. அவள் திருப்தியாகப் படித்துக்கொண்டு போனாள்.

'இரண்டாம் நிலைத் தலைப்புகள் எல்லாம் ஒரே அளவில் இல்லை.' எதிரே, 'சரிசெய்யப்பட்டது.'

'இந்த மேற்கோள் யாருடையது? பெயரும் ஆண்டும் வேண்டும்.' எதிரே, 'சேர்க்கப்பட்டது.'

'மேற்படி என்ற சொல்லைக் குறையுங்கள், படிப்பவருக்கு மூச்சு முட்டுகிறது.' எதிரே, 'மேற்படி சொல் எல்லா இடங்களிலும் நீக்கப்பட்டது.'

அவளுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. சாயங்காலம் கணவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனாள்.

'இவர் வீட்டில டீ கேக்கும்போதுகூட, மேற்படி டீ எங்கேன்னுதான் கேப்பாரு. (ஆண் குரல்)' எதிரே, 'ஏற்கப்படவில்லை. ஆய்வாளர் வீட்டில் அவ்வாறு கேட்பதில்லை.'

அவள் மறுபடியும் படித்தாள்.

'பொண்டாட்டிக்கு லவ் லெட்டர் எழுதினாலும் கீழே சாட்சி கையெழுத்து வாங்கியிருப்பாரு. (ஆண் குரல்)' எதிரே, 'ஆய்வுக்குத் தொடர்பில்லாதது.'

'(சிரிப்பு. இருவர்.)' எதிரே, 'குறித்துக்கொள்ளப்பட்டது.'

'இந்த வயசுல இவருக்கு எதுக்குங்க இந்தப் பட்டம்? பத்திரக் கடைக்கு வெளிய போர்டுல எழுதிப் போட்டுக்கவா? (பெண் குரல்)' எதிரே, 'காரணம் முன்னுரையின் இரண்டாம் பத்தியில் கூறப்பட்டுள்ளது. போதாதெனில் விரிவாக்கப்படும்.'

அதற்கு அடுத்த வரி பக்க எண்ணைப் பற்றியது. 'கீழே நடுவில் மாற்றப்பட்டது' என்று இருந்தது.

துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுற்றத் தொடங்கிய சத்தம் கேட்டது. அறையில் யாரும் இல்லை, ஆனாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குரல் குறிப்பைத் திறந்து கேட்டாள். டீ கிளாஸ் வைக்கிற சத்தம், கணவருடைய கட்டைக் குரல், அவளுடைய சிரிப்பு. தன் சிரிப்பை அவள் இதற்கு முன்பு வெளியிலிருந்து கேட்டதில்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவளின் சிரிப்பு அது.

இரண்டாம் பத்தி எது என்று அவளுக்குத் திறந்து பார்க்காமலே தெரியும். அந்த அத்தியாயத்திலேயே மேற்படி இல்லாத ஒரே பத்தி அதுதான். 'என் அப்பாவின் வீட்டில் என் தங்கைக்கும் பங்கு இருந்தது. அவள் அதை எனக்கு விட்டுக்கொடுத்த பத்திரத்தை நான்தான் எழுதினேன். அன்று அவளிடம் ஏன் என்று நான் கேட்கவில்லை. அதன் பிறகு என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்த எந்தப் பெண்ணிடமும் கேட்கவில்லை.' சனிக்கிழமை அந்தப் பத்தியின் ஓரத்தில் அவள் ஒரு சரி போட்டிருந்தாள். சரி போட்டுவிட்டு, அதற்கு அடுத்த நிமிஷம்தான் எதற்கு இந்தப் பட்டம் என்று கேட்டிருந்தாள்.

வெட்கம் முதலில் செய்கிற வேலை, தப்பிக்க வழி தேடுவதுதான். அவளுடைய வெட்கமும் அதைத்தான் செய்தது. இந்த அட்டவணை ஒருங்கிணைப்பாளர் அம்மாள் கைக்குப் போனால் அடுத்த பருவத்தில் இந்த மேஜைக்கு வேலை இருக்காது. அவள் போனை எடுத்தாள்.

மேற்படியாரின் குரல் அவள் நினைத்திருந்ததைவிட மெல்லியதாக இருந்தது. பின்னால் யாரோ எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கடையில் இருக்கிறார் போலிருக்கிறது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, அட்டவணை மிக நன்றாக வந்திருப்பதாகச் சொன்னாள். பிறகு, பதிவு செய்யும்போது வீட்டுச் சத்தம் ஏதோ கலந்துவிட்டது போலிருக்கிறது, அந்தச் சில வரிசைகள் கல்வி சம்பந்தப்பட்டவை அல்ல, எடுத்துவிட்டு அனுப்பினால் அட்டவணை கச்சிதமாக இருக்கும் என்று பூசி மெழுகினாள்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"எதையும் விடக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்க மேடம்," என்றார். குரலில் குத்தல் இல்லை. ஒரு சந்தேகத்தைத் தெளிவுபடுத்திக்கொள்கிறவர் மாதிரிதான் கேட்டார். "நீங்களே எடுக்கச் சொன்னா எடுத்துடலாம்."

நன்றி என்று அவள் சொன்னாள். போனை வைத்த பிறகுதான், நன்றி என்பதற்குப் பதில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது உறைத்தது.

அன்றைக்கு அவர் கிடங்கிலிருந்து வந்ததும் அட்டவணையை அவர் முன்னால் வைத்தாள். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே படித்தவர், ஆண் குரல் என்று வந்த இடத்தில் கையை நிறுத்திவிட்டார். கடைசிவரை படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மன்னிப்புக் கேட்டுட்டியா?"

"பேசினேன்."

"கேட்டியான்னு கேட்டேன்."

"வீட்டுச் சத்தம் கலந்துடுச்சுன்னு சொன்னேன். அந்த வரிசையெல்லாம் எடுக்கச் சொல்லிட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். "அப்போ நான் வீட்டுச் சத்தம். மிக்ஸி, குழாய், நான்."

வேறு ஒரு நாளாக இருந்தால் இதற்கு இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். அன்று அவர் எழுந்து முகம் கழுவப் போய்விட்டார். சாப்பிடும்போது தான் வேண்டுமானால் பேசுகிறேன் என்றார். அவள் தலையாட்டினாள், ஆனால் எண்ணைக் கொடுக்கவில்லை. உன் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறாயா என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினாள். வேலை போய்விடும் என்ற பயம் உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதை அவரிடம்கூடச் சொல்ல நாக்கு எழவில்லை. அவர் செய்தது கிண்டல். டீயும் லவ் லெட்டரும் யாரையும் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. இந்த வயதில் எதற்கு என்று கேட்டவள் அவள். அதுவும் ஆசிரியை.

வியாழக்கிழமை வகுப்பு இருந்தது. கறுப்புக் கட்டங்களின் நடுவே மேற்படியாரின் கட்டமும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் நூற்பட்டியலைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள். முடியும் நேரத்தில் ஆகவே அண்ணன் கையைத் தூக்கினார்.

"மேடம், ஒரு டவுட்டு. ஆகவே, இந்தத் திருத்த அட்டவணையில, நமக்கு ஒரு கருத்து சங்கடமா இருந்தா, அதை மட்டும் எடுத்துடலாமா?"

யாரோ ஒலிவாங்கியை அணைக்காமல் சிரித்தார்கள். எடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும். எல்லாப் பருவத்திலும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறாள். திரையில் மேற்படியாரின் கட்டம் அசையாமல் இருந்தது. கறுப்புக் கட்டம் அசையாது என்று தெரியும், இருந்தாலும் அது தன்னையே பார்ப்பது போல இருந்தது.

"எடுக்கக் கூடாது," என்றாள். குரல் உள்ளே போயிருந்தது. ஆகவே அண்ணன் சரியாகக் கேட்கவில்லை என்றார். அவள் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

வகுப்பு முடிந்து கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒரு மணி நேரத்துக்குள் மேற்படியாரிடமிருந்து புதிய கோப்பு வந்துவிட்டது. அவள் சொன்னபடி அந்த வரிசைகள் எடுக்கப்பட்டிருந்தன. வரிசை எண்கள் இடைவெளி தெரியாமல் மாற்றிப் போடப்பட்டிருந்தன. பத்திரம் எழுதுகிறவரின் கை, அடித்தல் திருத்தல் இல்லாத கை. அப்பாடா என்று ஒரு கணம் மூச்சு வந்தது. அத்தியாயத்தைத் திறந்தாள்.

முன்னுரையில் இரண்டாம் பத்தி இல்லை.

முதல் பத்திக்கு அடுத்தாற்போல மூன்றாம் பத்தி ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் மேலே போனாள், கீழே போனாள். தங்கை இல்லை. கேட்காமல் விட்ட கேள்வி இல்லை. அத்தியாயம் இப்போது எல்லா விதிகளுக்கும் பொருந்தி, யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய அத்தியாயமாக இருந்தது. கேள்வியை எடுக்கச் சொன்னது அவள். கேள்வி போன பிறகு பதில் எதற்கு என்று அவர் நினைத்திருப்பார். அல்லது இந்த வயதில் எதற்கு என்று அவருக்கே தோன்றியிருக்கும்.

அதற்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் அறைக்கும் நடந்தாள். அன்று கிடங்கில் சரக்குக் கணக்கு, அவர் சீக்கிரமே வந்துவிட்டார். சாயங்கால வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், "நான் அவருக்கு இப்போ பேசப் போறேங்க. நீங்களும் இருங்க" என்றாள். அவர் ஒன்றும் கேட்காமல் வந்து பக்கத்தில் நின்றார்.

மேற்படியார் வீட்டில் இருந்தார். அவள் குரலைக் கேட்டதும், கோப்பு வந்து சேர்ந்ததா, வேறு ஏதாவது திருத்தம் உண்டா என்றார்.

"திருத்தம் இல்ல சார். நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். அன்னைக்கு வீட்டுச் சத்தம்னு சொன்னது பொய். அது நானும் என் வீட்டுக்காரரும்தான். உங்க எழுத்த வச்சுக் கிண்டல் பண்ணிச் சிரிச்சோம். அது வெளிய தெரிஞ்சுடக் கூடாதுன்னு உங்களையே அழிக்க வச்சேன். அது அதைவிடப் பெரிய தப்பு."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

மேற்படியார் தனக்கு அது முதலிலேயே புரிந்துவிட்டது என்று நிதானமாகச் சொன்னார். கடையில் உட்கார்ந்திருக்கிறவன் நாலு பேர் நாலு விதமாகப் பேசக் கேட்டிருக்கிறேன், எனக்குப் பழக்கம் என்றார். ஆனால் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்று தயங்கினார்.

"உங்க குரல் குறிப்ப நான் தனியா கேக்குறதில்ல மேடம். எனக்கு டைப் அடிக்க வராது. ஞாயித்துக்கிழமை காலையில ஸ்பீக்கர்ல போட்டுட்டு நானும் என் சம்சாரமும் பொண்ணும் சேர்ந்து உக்காருவோம். பொண்ணு கேட்டுக் கேட்டு டைப் பண்ணுவா. நிறுத்தறதுக்குள்ள எல்லாம் ஓடிடுச்சு. எனக்குன்னா பரவால்ல. பொண்ணு முன்னாடி."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை அவள் கண்ணுக்கு அப்படியே தெரிந்தது. மேஜையைச் சுற்றி மூன்று பேர், நடுவில் போன், அதிலிருந்து வருகிற தன் சிரிப்பு. அது முடிகிறவரை மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்திருப்பார்கள்.

"அவங்க இப்போ இருக்காங்களா?" என்று கேட்டாள். "ஸ்பீக்கர்ல போடுறீங்களா?"

அதெல்லாம் வேண்டாம் மேடம், விடுங்கள் என்று அவர் மழுப்பிப் பார்த்தார். அவள் விடவில்லை. நாற்காலி இழுபடுகிற சத்தம், பாத்திரம் வைக்கிற சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். பிறகு ஓர் அமைதி, ஆட்கள் உள்ள அமைதி. அவள் முதலில் சொன்னதையே மறுபடியும் சொன்னாள். இந்த முறை இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் நிறுத்தியதும் கணவர் குனிந்து போனுக்கு நேராக, "அந்த ஆண் குரல் நான்தாங்க. டீ, லெட்டர் ரெண்டும் என்னோடது. மன்னிச்சுக்குங்க" என்றார்.

பத்திரம் எழுதுகிறவரின் மனைவிதான் முதலில் பேசினார். "இவர் எனக்கு லெட்டரே எழுதினதில்லைங்க. அதனால சாட்சி வாங்குவாரா மாட்டாரான்னு எனக்கே தெரியாது." யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் சிரிக்க வைக்கவும் சொல்லவில்லை.

பிறகு ஓர் இளங்குரல், கூர்மையான குரல். கல்லூரியில் படிக்கிற பெண்ணாக இருக்கும்.

"மேடம், இந்த வயசுல எதுக்குன்னு கேட்டீங்கல்ல. அப்பா அதை ரெண்டாவது பத்தியில எழுதியிருந்தாரு. அதைப் படிக்காமலா கேட்டீங்க?"

படிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். எத்தனை அத்தியாயங்கள் வருகின்றன, கண்ணில் படாமல் போயிருக்கலாம், யாரும் நம்புவார்கள். அவளுடைய கணவர்கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"படிச்சேம்மா," என்றாள். "படிச்சுட்டுத்தான் கேட்டேன்."

பக்கத்தில் நின்றவர் திரும்பி அவளைப் பார்த்தது அவளுக்குத் தெரிந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவளுடைய அப்பாதான் "விடும்மா, மேடமே கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க" என்றார்.

"எதையும் விடாம எழுதுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க. நான் எழுதினேன். அப்புறம் நீங்களே எடுன்னீங்க. எடுத்தேன். இப்போ விடுங்கறீங்க."

"எடுத்ததை எல்லாம் திருப்பிப் போட்டுடுங்க," என்றாள் ஆசிரியை. "எல்லா வரிசையும். பெண் குரல்னு போட்ட எடத்துல என் பேரப் போடுங்க. அப்படியே ஒருங்கிணைப்பாளருக்குப் போகட்டும்."

மேற்படியார் பதறிப்போனார். உங்களுக்கு அங்கே சிக்கல் வராதா என்றார். வரும் என்றாள். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார், அதற்குள் பெண், "போட்டுடறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் கொஞ்சம் திருப்தி இருந்தது. அதை மறைக்க அவள் முயலவும் இல்லை.

"சார், அந்தப் பத்தி," என்று ஆசிரியை தயங்கினாள். "அந்த அத்தியாயத்துல நீங்க பேசுற ஒரே எடம் அதுதான். அதையும் திருப்பி வைக்கணும்னு கேட்டுக்கறேன். வைக்கணும்னு சொல்லல. சொல்ற தகுதி எனக்கு இப்போ இல்ல."

"யோசிக்கிறேன் மேடம்," என்றார் அவர். அவ்வளவுதான்.

அட்டவணை வெள்ளிக்கிழமை வந்தது. சொன்ன இடத்தில் அவள் பெயர் முழுதாக, இனிஷியலோடு, எழுதப்பட்டிருந்தது. அத்தியாயம் அதோடு வரவில்லை. பின்னர் அனுப்பப்படும் என்று மட்டும் குறிப்பு. அட்டவணையை ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அழுத்தினாள்.

ஒருங்கிணைப்பாளர் அம்மாள் அன்றே கூப்பிட்டார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. ஒவ்வொரு வரிசையாகத் தானே வாசித்து, இது நீங்கள் சொன்னதா, இது நீங்கள் சொன்னதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்ல வேண்டியிருந்தது. சிரிப்பு என்று வந்த வரிசைக்கும். வேறொரு ஆசிரியர் இந்தப் பருவம் முழுக்க அவளுடைய குரல் குறிப்புகளைக் கேட்டுப் பார்ப்பார், அடுத்த பருவத்தைப் பற்றி அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று முடித்தார். சரிங்க மேடம் என்றாள் அவள், மாணவி மாதிரி.

சனிக்கிழமை மத்தியானம் வந்தது. அவர் டீயோடு அறை வாசல்வரை வந்து அங்கேயே நின்றார். இந்த இரண்டு நாளாக அவர்களுக்குள் பேச்சு குறைந்துபோயிருந்தது. சண்டை என்று ஒன்றும் இல்லை. படிச்சுட்டுத்தான் கேட்டேன் என்று அவள் சொன்னது நடுவில் கிடந்தது. அதைத் தாண்டி வர இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"உள்ள வரலாமா?" என்றார்.

"இது உங்க வீடுங்க."

"இல்ல, நீ பதிவு பண்றியோன்னு."

அவள் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றாள். அவர் வந்து டீயை வைத்துவிட்டு, கட்டிலில் சாயாமல் நுனியில் உட்கார்ந்தார். யாருடையது என்று கேட்டார். மேற்படியார் என்று வாய்வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "பத்திரம் எழுதறவரோடது. காலையில வந்தது" என்றாள்.

"பத்தி இருக்கா?"

அவள் அதைத்தான் திறந்து வைத்துக்கொண்டு, பார்க்கத் தைரியமில்லாமல் ஓரங்களையும் பக்க எண்களையும் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மேலே போனாள். இருந்தது. இரண்டாம் பத்தியாக அல்ல, முதல் பத்தியாக. பழைய முதல் பத்தியை இரண்டாவதாகத் தள்ளியிருந்தார். யோசித்திருக்கிறார் என்று தெரிந்தது.

அவள் அதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினாள். கட்டைக் குரல் இல்லாமல், சாதாரணமாக. என் அப்பாவின் வீட்டில் என் தங்கைக்கும் பங்கு இருந்தது என்று தொடங்கி, எந்தப் பெண்ணிடமும் கேட்கவில்லை என்பதுவரை. அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அந்தத் தங்கச்சிகிட்ட அப்புறமாவது கேட்டாராமா? ஏன் எழுதிக் குடுத்தேன்னு?"

"தெரியல. அதை எழுதல."

"நீ அவர கேளேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வெட்கம் அங்கேயும் இருந்தது. தன்னுடையது மாதிரியேதான் இருந்தது. அதைப் பார்த்ததில் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

நாளைக்குக் காலையில் அந்த மேஜையைச் சுற்றி மூன்று பேர் உட்காருவார்கள். அந்தப் பெண் விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் விடாமல் கேட்கப்போகிறாள். ஆசிரியை ஒலிவாங்கியை அழுத்தினாள்.

"வணக்கம். முதல் அத்தியாயம், முதல் பத்தி," என்று ஆரம்பித்தாள். ஒரு கணம் நிறுத்தினாள். "இந்த அறையில நாங்க ரெண்டு பேர் இருக்கோம். ரெண்டு பேரும் படிச்சோம். ரெண்டு பேருக்கும் ஒரு கேள்வி இருக்கு."